பிள்ளைகளுக்கு என்ன கதை வாசிக்கலாம்? டீச்சரிடம் கேள்வி பதில்

வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கத் தக்க கிறிஸ்தவக் கதைப் புத்தகங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பதோடு சபையின் புத்தக அலமாரியையும் பார்த்துக்கொள்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

களக்காட்டிலிருந்து ஒரு தாய்: டீச்சர், என் மகளுக்கு மூன்று வயது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கிழிக்கிறாள். இப்போதே வேதாகமக் கதைப் புத்தகம் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம் அம்மா. தாள் கெட்டி அட்டையாக இருக்கட்டும். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், ஒன்றிரண்டு வரி, அவ்வளவுதான். நாணற்பெட்டியில் மோசே, நோவாவின் பேழை, காணாமல்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பன், இந்த வயதுக்கு இவை போதும். நீங்கள் வரியை வாசிப்பதைவிட அவள் படத்தில் ஒட்டகத்தைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அதே கதையை ராத்திரிக்கு ராத்திரி கேட்பாள். சலிக்காமல் வாசியுங்கள், பிள்ளைக்கு அதில்தான் சந்தோஷம்.

வாங்குமுன் படங்களில் உள்ள முகங்களைப் பாருங்கள். இயேசுவை நீலக் கண்ணும் பொன்னிற முடியுமாக வரைந்த புத்தகங்கள் இன்னும் வருகின்றன. அவர் கலிலேயா வெயிலில் நடந்த யூதர். அந்த மண்ணுக்கு ஏற்ற முகத்தோடு வரைந்த புத்தகங்களும் கிடைக்கின்றன, அதையே எடுங்கள்.

நாங்குநேரியிலிருந்து ஒரு தகப்பன்: தாவீது கோலியாத் கதை சொன்னால், "தலையை வெட்டினானா? ரத்தம் வந்ததா?" என்றே மகன் கேட்கிறான். ஆறு வயது. சண்டைக் கதைகளைத் தவிர்த்துவிடலாமா?

தவிர்க்க வேண்டாம் தம்பி. அந்தக் கதையில் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கவண்கல்லுக்கு ஓடிவிடுகிறோம், அதுதான் சிக்கல். சாமுவேலின் முதல் புத்தகம் 17ஆம் அதிகாரத்தை நீங்கள் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தாவீது போருக்கே போகவில்லை. படையில் இருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு மரக்கால் வறுத்த பயறும் பத்து அப்பமும், அவர்கள் தலைவனுக்குப் பத்துப் பால்கட்டியும் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அப்பா அனுப்புகிறார். ஆடுகளை ஒரு காவலாளியிடம் விட்டுவிட்டுப் போகிறான். போன இடத்தில் மூத்த அண்ணன் எலியாப், "அந்தக் கொஞ்ச ஆடுகளை யாரிடம் விட்டாய்?" என்று எல்லார் முன்னாலும் ஏசுகிறான். அண்ணனிடம் ஏச்சு வாங்காத தம்பி நம் ஊரில் உண்டா? சவுல் ராஜா தன் கவசத்தைப் போட்டுவிடுகிறார். பழக்கமில்லை, நடக்க முடியவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறான். ஆற்றில் இறங்கி வழுவழுப்பான கூழாங்கல் ஐந்து பொறுக்குகிறான்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தால் தலை வெட்டுவது ஒரு வரியில் போய்விடும். கேட்டால், "ஆமாம், அந்தக் காலத்துப் போர் அப்படி" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

ஆனால் எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. அவர்கள் ஈசாக்கின் இடத்தில் தங்களையும், கத்தி பிடித்த கையில் அப்பாவையும் வைத்துத்தான் கேட்பார்கள். பத்து வயது தாண்டட்டும், கேள்வி கேட்கத் தெரிந்த பிறகு சொல்லலாம்.

இன்னொன்று, கதை முடிந்ததும், "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும். பிள்ளை எடுத்துக்கொள்ள வேண்டியதை அதுவாக எடுத்துக்கொள்ளும். சும்மா விடுங்கள், நாலு நாள் கழித்துச் சோறு சாப்பிடும்போது ஒரு கேள்வி வரும்.

ஏரலிலிருந்து ஒரு தாய்: யாரோ கொடுத்த சின்னப் புத்தகத்தில் நரக நெருப்பில் பிள்ளைகள் அழுவதுபோல் படம். அதைப் பார்த்ததிலிருந்து என் பிள்ளை தனியாகப் படுக்கமாட்டேன் என்கிறான்.

அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள். கடவுளுடைய பெயர் அதில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

இதே வகையில் இன்னொரு கதை உண்டு. பொய் சொன்ன பையன் பஸ்ஸில் அடிபடுவான், கோயிலுக்குப் போகாத பெண்ணுக்குக் காய்ச்சல் வரும். எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடு எழுதியிருப்பார்கள். ஆனால் அதை வாசித்த பிள்ளைக்கு நாளைக்குத் தம்பி நோயில் படுத்தால் என்ன தோன்றும்? நாம் செய்த தப்புக்குத்தான் இது வந்தது என்றல்லவா தோன்றும்? பிறவிக் குருடனைக் கண்டு, "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9ஆம் அதிகாரம். அவர் இல்லை என்று சொன்னதை நாம் படம்போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பயம் தெளிய, வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைப் பற்றி இயேசு சொன்ன கெட்டகுமாரன் கதையை வாசியுங்கள். மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு வாரம் அவன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.

திசையன்விளையிலிருந்து ஒரு தாத்தா: புத்தகம் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள், பனிக்கட்டி, கிறிஸ்துமஸ் மரம் என்றே இருக்கிறது. நம்ம சீமைக் கதை கிடையாதா?

கொட்டிக் கிடக்கிறது அண்ணாச்சி. தமிழில் அச்சு வந்த தொடக்க காலத்திலேயே நம் கடற்கரைக்குக் கதைப் புத்தகம் வந்துவிட்டது. புன்னைக்காயலில் இருந்து ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார் தமிழில் எழுதிய புனிதர்களின் வரலாறு 1586இல் அச்சானது.

பேரப்பிள்ளைகளுக்கு முதலில் டோனாவூர்க் கதையைச் சொல்லுங்கள். ஏமி கார்மைக்கேல் 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது தன் பழுப்புக் கண் நீலமாக மாற வேண்டும் என்று ராத்திரி ஜெபம்பண்ணிவிட்டு, காலையில் கண்ணாடியில் பார்த்து ஏமாந்துபோனார். பிள்ளைகள் இந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள், ஏனென்றால் கேட்டது கிடைக்காத ஜெபம் அவர்களுக்கும் இருக்கிறது. 1895இல் இந்தியா வந்தவர் 1951இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1901இல் ஒரு சிறுமி அடைக்கலம் தேடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதிலிருந்துதான் பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் டோனாவூர்க் குடும்பம் வளர்ந்தது. 1931இல் கீழே விழுந்து அடிபட்டு, அதன்பின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து எழுதினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.

இந்துக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட அந்தச் சிறுமி எதிலிருந்து தப்பி வந்தாள் என்பதைச் சின்னவர்களுக்கு விவரிக்க வேண்டாம். "பயந்துபோய் ஓடி வந்தாள், அம்மா வேண்டும் என்றாள்" என்று சொன்னால் போதும். வளர்ந்தவர்களுக்குச் சொல்லும்போதும், அடுத்த வீட்டார் சாமியைத் தாழ்த்துவதற்கு அந்தக் கதையைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்து, உங்களுக்குப் பக்கத்திலேயே வெள்ளாளன்விளை. 1874இல் அந்த ஊரில் ஒரு குருவானவருக்கு மகனாகப் பிறந்த அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிமார் நிறைந்த சபையில் எழுந்து, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்று கேட்டார். பனங்காட்டு ஊர்ப் பையன் அந்தச் சபையில் நின்று அப்படிக் கேட்டதைப் பேரன்மாருக்குச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, வெள்ளாளன்விளை, டோனாவூர், கால்டுவெல் கட்டி 1880இல் பிரதிஷ்டையான இடையன்குடிக் கோயில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வாருங்கள்.

வள்ளியூரிலிருந்து ஒரு தங்கை: அக்கா, நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), என் வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). புனிதர்கள் கதை வாசித்தால் மாமியார் முகம் சுளிக்கிறார்கள்.

மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தேவசகாயம் பிள்ளை கதையிலிருந்து தொடங்குங்கள். அவர் 1745இல் ஞானஸ்நானம் பெற்றது உங்களுக்கு அடுத்த வடக்கன்குளத்தில். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் ரோமாபுரியில் புனிதராக அறிவித்தார்கள். எருமைமேல் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர்வலம் கொண்டுபோனது பிள்ளைகள் மனதில் நிற்கும். அடி, சித்திரவதை விவரங்களைப் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர் கதையைக் கேட்க எந்தச் சபையாருக்கும் தடை கிடையாது. புனிதர்களிடம் மன்றாடலாமா, கடவுளிடம் மட்டும்தானா என்ற பேச்சை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள், பெரியவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

துபாயிலிருந்து ஒரு தகப்பன், சொந்த ஊர் சாயர்புரம்: பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆங்கிலப் புத்தகமே வாங்கிவிடவா?

இரண்டும் வாங்குங்கள். அவர்களாக வாசிக்க ஆங்கிலம் இருக்கட்டும், நீங்கள் வாசித்துக் காட்டத் தமிழ் இருக்கட்டும். குடும்ப ஜெபத்தில் பழைய மொழிபெயர்ப்பை வாசித்தால் பாதி புரியாது, கொட்டாவிதான் வரும். அதனால் கதையை எளிய தமிழில் சொல்லிவிட்டு, ஒரே ஒரு வசனத்தை மட்டும் பைபிளிலிருந்து அப்படியே வாசியுங்கள். அந்தத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். ஊருக்குப் பேசும்போது ஆச்சியை ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் போதும், அந்தப் பேச்சுத்தமிழ் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

பணகுடியிலிருந்து ஒரு தாய்: பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் கதை கேட்க வந்து உட்காருகிறார்கள். சொல்லலாமா?

அவர்கள் அம்மாவிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "இன்னைக்குப் பைபிள் கதை வாசிக்கப் போறேன், பிள்ளைகள் இருக்கலாமா மதினி?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு வேறு கதை. நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் ஆனது. மிட்டாய் கொடுத்துக் கூட்டி உட்கார வைக்காதீர்கள். அவர்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் கதையை உங்கள் பிள்ளைகளும் போய்க் கேட்கட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சூனியக்காரி, பேசும் சிங்கம் எல்லாம் வரும் கற்பனைக் கதைகளைத் தம்பி வாசிக்கலாமா?

வாசிக்கலாம். நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் மரங்களெல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடுகின்றன, அதுவும் கற்பனைக் கதைதான். கதையில் தீமை தீமையாகத் தெரிகிறதா என்று மட்டும் நீ முன்னால் வாசித்துப் பார்த்துக்கொள்.

ரெட்டியார்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: இரட்சணிய யாத்திரிகத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வழி உண்டா?

உண்டு ஐயா, நீங்கள் மனது வைத்தால். கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதையைத் தழுவிப் பாடி, 1894இல் நூலாக வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பிள்ளையிடம் அப்படியே கொடுக்க முடியாது. முதலில் மோட்சப் பிரயாணம் என்று தமிழில் வரும் பனியன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். முதுகில் சுமையோடு ஒருவன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், உளைச் சேற்றில் விழுகிறான், சிலுவையடியில் சுமை கழன்று உருண்டு போகிறது. எட்டு வயதுக்கு மேல் யாருக்கும் புரியும். அதன்பின் அதே இடத்துக்கு உரிய இரண்டு பாட்டைப் பிரித்துப் பாடிக் காட்டுங்கள். ராகத்தோடு கேட்ட பாட்டைப் பிள்ளைகள் அர்த்தம் கேட்காமலேயே மனப்பாடம் செய்துவிடுவார்கள், அர்த்தம் பின்னால் வரும். எங்கள் ஓய்வுநாள் பள்ளிக்கு நீங்கள் வந்து ஒருநாள் பாடிக் காட்டினால் இன்னும் சந்தோஷம்.

நாசரேத்திலிருந்து ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: வருஷப் பரிசுக்கு டிபன் பாக்ஸ்தான் கொடுக்கிறோம். புத்தகம் கொடுத்தால் பெற்றோர் விரும்புவார்களா?

ஒரு வருஷம் கொடுத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம் வாங்காமல் வேறுவேறாக வாங்கினால் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசித்துக்கொள்வார்கள். கன்வென்ஷன் கூட்டங்களில் போடும் புத்தகக் கடைகளில் நின்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். சென்னையில் உள்ள கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டு மொத்தமாகவும் வாங்கலாம்.

கையில் எடுத்ததும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டினால் வைத்துவிடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லையா, தையல் உறுதியா என்று பாருங்கள். படிக்கும் பிள்ளைக்கு மட்டும் பரிசு என்று வைக்காதீர்கள், வசனம் சொல்லத் தெரியாத கடைசி பெஞ்சுப் பையனுக்குத்தான் ஒரு கதைப் புத்தகம் அதிகம் தேவை. முதல் பக்கத்தில் அவன் பெயரை உங்கள் கையாலேயே எழுதி, தேதியும் போட்டுக் கொடுங்கள்.