உளவுத்துறையைக் கேள்வி கேட்பது யார்? வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யும், வெளிநாட்டு உளவு அமைப்பான ராவும் எந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன?

தனிச் சட்டம் எதுவும் கிடையாது. ஐ.பி. 1887இல் வெள்ளைக்காரன் போட்ட உத்தரவில் பிறந்தது. ரா 1968இல் இந்திரா காந்தி அரசு எடுத்த நிர்வாக முடிவு. 1985இல் வந்த ஒரு சட்டத்தில் இரண்டின் பெயரும் இருக்கிறது. ஆசையாக எடுத்துப் படித்தால், ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது, பத்திரிகையிடம் பேசக்கூடாது என்ற தடைகள்தான். அமைப்பின் அதிகாரம் எதுவரை என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: என் போனை ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டாமா?

வேண்டாம். உள்துறைச் செயலர் கையெழுத்துப் போட்டால் போதும். 1996 டிசம்பரில், பி.யூ.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிமுறைகளை வகுத்தது; அப்போதும் நீதிபதியை நடுவில் கொண்டுவரவில்லை. உத்தரவுகளைச் சரிபார்க்க ஒரு குழு உண்டு. மத்தியில் அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர். மூவருமே அரசு அதிகாரிகள்! இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் இந்தக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று 2018இல், தனிநபர் தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 250 மணி நேரம். டீ குடிக்காமல், தூங்காமல் உட்கார்ந்தாலும் பத்து நாளுக்கு மேல் ஆகும். 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஏற்பாடு அதேதான்.

கேள்வி: ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) போட்டால் பதில் வருமா?

அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஐ.பி., ரா இரண்டையும் விலக்கிவைத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் மட்டும் விதிவிலக்கு. மீறல் விஷயமென்றால் தகவல் ஆணையமும் ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன மீறல் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு நியாயம் கிடைத்ததே?

கிடைத்தது, 24 வருஷம் கழித்து. 1994இல் ராக்கெட் ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றதாகச் சொல்லிக் கேரளப் போலீஸ் அவரைக் கைது செய்தது. காவலில் விசாரித்தவர்களில் ஐ.பி. அதிகாரிகளும் உண்டு. 1996இலேயே அது பொய் வழக்கு என்று சிபிஐ சொல்லிவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதைக் கொடுக்க வேண்டியிருந்தது யார்? கேரள அரசு.

கேள்வி: நாடாளுமன்றம் தலையிட முடியாதா?

பிரிட்டனில் உளவு அமைப்புகளைக் கண்காணிக்க, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு இருக்கிறது. இங்கே உளவு அமைப்புகளை முறைப்படுத்த, காங்கிரஸின் மணீஷ் திவாரி 2011இல் ஒரு தனிநபர் மசோதா (அரசு சார்பில் இல்லாமல் எம்.பி. தானே கொண்டுவருவது) கொண்டுவந்தார். அவர் அப்போது ஆளுங்கட்சி எம்.பி. அடுத்த வருஷம் அமைச்சரே ஆனார். மசோதா மட்டும் சட்டமாகவில்லை.