சுவிட்சில் டிஎன்எஸ் அமைக்க வேண்டுமா, அணைத்துவிடலாமா?

சிஸ்கோ சுவிட்சில் கமாண்டைத் தப்பாக அடித்தால் திரை உறைந்து நிற்கிறது, 'நோ ஐபி டொமைன் லுக்கப்' போட்டுப் பெயர் தேடும் வசதியை அணைத்துவிடலாமா, இல்லை டிஎன்எஸ் சர்வரை (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் கணினி) ஒழுங்காக அமைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அணைக்காதீர்கள். பல வருடம் நானும் கண்ணை மூடிக்கொண்டு அணைத்தவன்தான்.

(கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒலியைப் பிடித்து அடித்துக்கொள்ளுங்கள்.)

முதலில், திரை ஏன் நிற்கிறது? புரியாத ஒற்றைச் சொல்லை அடித்தால், அது ஏதோ ஒரு கணினியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு டெல்நெட்டில் (தொலைவிலிருந்து இன்னொரு கருவிக்குள் நுழையும் முறை) அங்கே போகப் பார்க்கிறது சுவிட்ச். பெயர் தேடும் வசதி பெட்டியைப் பிரிக்கும்போதே இயங்கும் நிலையில்தான் இருக்கும். ஆனால் யாரிடம் கேட்பது என்று நீங்கள் சொல்லி வைக்கவில்லையே! அதனால் 255.255.255.255 என்று தெருவுக்கே கேட்கும்படி கூவிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். கன்ட்ரோல், ஷிப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விட்டுவிடும்.

இந்தத் தொல்லைக்காகத்தான் எங்கள் டெம்ப்ளேட்டின் (எல்லாச் சுவிட்சிலும் அப்படியே ஒட்டும் கமாண்டுப் பட்டியல்) தலையிலேயே லுக்கப்பை அணைக்கும் வரி இருந்தது. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்குக்கும் அதையே ஒட்டிவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து அங்கே ஒரு கேமராவின் போர்ட் இரவில் விழுந்து எழுந்திருக்கிறது. எத்தனை மணிக்கு என்று பாதுகாப்புப் பிரிவில் கேட்டார்கள். சுவிட்சின் நிகழ்வுப் பதிவான லாகைத் திறந்தால் மார்ச் மாதம் என்கிறது. நாங்கள் நிற்பதோ ஆகஸ்டில். 'ஷோ குளோக்' அடித்தேன்: 1993 மார்ச் 20. "அண்ணே, அப்போ நான் பொறக்கவே இல்ல" என்றான் கூட வந்த தம்பி. நான் தொடக்கநிலை இரண்டில் இருந்தேன்.

கேட்டலிஸ்ட் 2960 போன்றவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் 1993 மார்ச் 1 முதல் எண்ண ஆரம்பிக்கும், என்டிபி சர்வர் (சரியான நேரம் சொல்லும் கணினி) வந்து திருத்தும் வரை. எங்கள் டெம்ப்ளேட்டில் என்டிபி சர்வரைப் பெயரால் கொடுத்திருந்தோம். லுக்கப் அணைந்திருந்ததால் அந்த ஒரு வரியை மட்டும் சுவிட்ச் ஏற்கவில்லை. பிழைச் செய்தி வந்துதான் இருக்கும். ஐம்பது வரி ஓடுகிற வேகத்தில் யார் பார்த்தது? சுவிட்சின் நேரத்தையும் கைபேசி நேரத்தையும் கழித்துப் பார்த்து, போர்ட் விழுந்த மணியை ஒருவழியாகச் சொன்னோம். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் நின்றுகொண்டு விரல்விட்டு எண்ணுவது நல்ல அனுபவமில்லை.

சரி, எப்படி அமைப்பது? சுவிட்சின் மேலாண்மை விலானுக்கு (சுவிட்சை நிர்வகிக்க ஒதுக்கிய தனி வலையமைப்பு) ஒரு ஐபி, வெளியே போகும் வழியைச் சொல்லும் 'ஐபி டிஃபால்ட்-கேட்வே' இரண்டும் முதலில் வேண்டும். (சுவிட்சில் ரவுட்டிங் இயங்கினால் அந்த கேட்வே வரி செல்லாது, டிஃபால்ட் ரூட் எழுத வேண்டும்.) அப்புறம் 'ஐபி டொமைன் லுக்கப்', அடுத்து 'ஐபி நேம்-சர்வர்' என்று போட்டு சர்வரின் முகவரி. அலுவலகத்துக்குள் சொந்த டிஎன்எஸ் இருந்தால் அதையே கொடுங்கள். உங்கள் உள் பெயர்கள் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8க்குத் தெரியாது. 'ஐபி டொமைன் நேம்' வேறு விஷயம், பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். அது பாதிப் பெயருக்கு வால் சேர்க்கும், தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்குச் சாவி உருவாக்கும்போதும் சுவிட்ச் அதைக் கேட்கும். ஆனால் எந்தப் பெயருக்கும் அது ஐபி தேடித் தராது. என்டிபி வரி இவை எல்லாவற்றுக்கும் கீழே வர வேண்டும். ஒட்டும்போது வரிசை முக்கியம்.

இனி அந்த உறைதல். 'லைன் கன்சோல் 0' (நேரடிக் கேபிள் வழி), 'லைன் விடிஒய் 0 15' (தொலைவிலிருந்து நுழையும் வழி) இரண்டுக்குள்ளும் போய் 'டிரான்ஸ்போர்ட் பிரிஃபர்ட் நன்' போடுங்கள். தப்பான சொல்லைக் கணினிப் பெயராக நினைக்கும் பழக்கம் மட்டும் போகும், பெயர் தேடுவது அப்படியே இருக்கும். இந்த ஒரு வரியை முன்பே தெரிந்துகொள்ளாததுதான் என் பிழை.

ஒன்று சொல்ல மறந்தேன். இதெல்லாம் சுவிட்ச் தன் சொந்த வேலைக்குப் பெயர் தேடுவதற்கு மட்டும். ஊழியர்களின் மடிக்கணினிகளுக்கு டிஎன்எஸ் முகவரி டிஎச்சிபி (முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் வசதி) வழியாகப் போகிறது. "இணையம் வரவில்லை" என்று யாராவது கூப்பிட்டால் இந்த வரிகளை நோண்டாதீர்கள்.

சோதிப்பதையும் உங்கள் மடிக்கணினியில் செய்யாமல் சுவிட்சுக்குள்ளிருந்தே ஒரு பெயரை பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டி) பாருங்கள். ஐபிக்கு பிங் போய், பெயருக்குப் போகவில்லை என்றால், மேலாண்மை விலானிலிருந்து டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழியான யுடிபி 53ஐ ஃபயர்வால் தடுக்கிறதா என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் அதுதான். கடைசியாக 'குளோக் டைம்சோன்' வரியில் சிங்கப்பூருக்கான 8 மணி நேரம் கொடுத்துவிட்டு 'ஷோ குளோக்' அடியுங்கள். நேரத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த நேரத்தைச் சுவிட்சே நம்பவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அந்தக் குறி மறைய வேண்டும். மறையும் வரை நான் இப்போதெல்லாம் சைட்டை விட்டுக் கிளம்புவதில்லை.