கேதம் கேட்டவர்கள் போன பிறகு

கேள்வி: ஆச்சி, கணவரை இழந்தவள் நான். என்னைப் போன்றவர்களைச் சேர்த்து மாதம் ஒருமுறை மனம்விட்டுப் பேசவைக்க ஆசை. கண்டனூரில் எங்கள் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே நடத்தலாமா? இதற்கென்று படிக்காத நான் செய்யலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: செய்யுங்கள் அம்மா, அவசியம் வேண்டிய காரியம். நம் பக்கம் கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, ஊரே திரளும். கருமாதி முடிந்ததும் சென்னைக்காரர்கள் சென்னைக்கு, வெளிநாட்டுக்காரர்கள் விமானத்துக்கு. தனிமை அப்புறம்தான் தொடங்குகிறது.

வீடு சரி, ஆனால் நடு முற்றத்தைச் சுற்றிய வளவு வேண்டாம். அத்தனை பெரிய இடத்தில் மெல்லப் பேசுகிறவர் குரல் கேட்காது. உள்ளறை ஒன்றில் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம் போதும். முகப்பைத் தாண்டத் தயங்கும் கைம்பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்களே வாசலில் நின்று கூப்பிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை ரகசியம்தான். இங்கே யாரைத் தொட்டாலும் பங்காளி, இல்லையென்றால் சம்பந்தி. சாவு வீட்டில் மாமியார் சொன்ன சொல்லை ஒரு மருமகள் அழுதுகொண்டே சொல்லும்போது, எதிரே அந்த மாமியாரின் தங்கை உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனியாகப் பேசி, யார் இருந்தால் வாய் திறக்க முடியாது என்று கேட்டுவிடுங்கள். ஒரே குடும்பத்தில் இருவரைச் சேர்க்காதீர்கள். இங்கே பேசியது வெளியே போகாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும். யாராவது உயிரை விடுவதாகப் பேசினால் மட்டும் ரகசியம் பார்க்காதீர்கள். தனியே விடாமல், வீட்டாருக்குச் சொல்லி, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

துணைக்கு இன்னொருவர் அவசியம். அழுதுகொண்டே எழுந்து போகிறவர் பின்னால் அவர் போகட்டும்.

படிப்பைவிட, புத்தி சொல்கிறவர்களை நிறுத்தும் தைரியம் வேண்டும். “பிள்ளைகளுக்காகத் தேத்திக்க” என்று யாராவது ஆரம்பித்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். எங்கள் தேவகோட்டைக் குழுவில் ஒருவர் பல மாதம் பேசவே இல்லை. நாங்களும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருநாள், கணவரின் மூக்குக்கண்ணாடியை என்ன செய்வது என்று கேட்டார். அன்று முழுக்க அதைத்தான் பேசினோம்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்பார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பார்த்து. அதை வைத்து யாரையும் அளக்காதீர்கள். ஆனால் 6 மாதம் தாண்டியும் ஒருவரால் சமையல், வேலை என்று எதிலும் கைவைக்க முடியவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அது குழுவால் ஆகிற வேலை இல்லை.

உங்கள் கணவர் போய் எவ்வளவு காலம் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் திதி இன்னும் வரவில்லை என்றால் நடத்துவதைத் தள்ளிப்போட்டு, எங்கள் குழுவுக்கு வந்து சும்மா உட்காருங்கள்.