உலகத்துலயே ஒன்னே ஒன்னு! – வாசகர் கேள்வி பதில்

உலகத்துலயே விலை அதிகமான தபால்தலை ஒன்னே ஒன்னு தான் இருக்காமே, அது ஏன் ஒன்னு மட்டும் மிஞ்சுச்சு? – ஒரு வாசகர், கும்பகோணம்

பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா. தென் அமெரிக்காவுல இப்போ கயானான்னு சொல்ற நாடு அப்போ பிரிட்டிஷ்காரங்க கையில இருந்துச்சு, ஸ்டாம்ப் எல்லாம் லண்டன்ல இருந்து கப்பல்ல தான் வரணும். 1856ல சரக்கு நேரத்துக்கு வந்து சேரல, தபால் நிக்கக் கூடாதேன்னு அங்க ஜார்ஜ்டவுன்ல பேப்பர் அச்சடிக்கிற பிரஸ்காரங்ககிட்டயே அவசரமா அடிச்சு வாங்கினாங்க. சிவப்புக் காகிதத்துல கருப்பு மையில ஒரு கப்பல் படம், அவ்ளோ தான். யாராவது கள்ள ஸ்டாம்ப் அடிச்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்து, விக்கிறதுக்கு முன்னாடி கிளார்க் கையெழுத்து போட்டுத் தான் கொடுக்கணும்னு போஸ்ட்மாஸ்டர் உத்தரவு வேற.

1873ல 12 வயசுப் பையன் ஒருத்தன் சித்தப்பாவோட பழைய கடிதங்களைக் கிளறும்போது இது கிடைச்சுது. ஸ்டாம்ப் கேட்டலாக்ல இது இல்லவே இல்ல, மூலையெல்லாம் வேற வெட்டுப்பட்டு எட்டு மூலையா இருந்துச்சு, சரி போகட்டும்னு ஆறு ஷில்லிங்குக்கு வித்துட்டான். அதே துண்டுக் காகிதம் 2014ல கிட்டத்தட்ட 95 லட்சம் டாலர், 2021ல 83 லட்சம் டாலர், அதாவது நம்ம காசுல 60 கோடி ரூபாய்க்கு மேல! எனக்கு விலைய விட அந்தப் பையன் மேல தான் மதிப்பு, புத்தகத்துல இல்லாத ஒன்னக் குப்பைன்னு தூக்கிப் போடாம எடுத்து வச்சான் பாருங்க, அவன் கிழிச்சுப் போட்டிருந்தா இன்னைக்கு ஒன்னு கூட இருந்திருக்காது.

நாலு மூலை இல்லாத தேசியக்கொடி எந்த நாட்டோடது? – எட்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

நேபாளம் தான்மா. ரெண்டு முக்கோணத்த மேலயும் கீழயும் அடுக்கின மாதிரி இருக்கும், மேல நிலா, கீழ சூரியன். அகலத்தை விட உயரம் அதிகம். இதை எப்படி வரையணும்னு அவங்க அரசியலமைப்புச் சட்டத்துலயே கணக்குப் பாடம் மாதிரி எழுதி வச்சிருக்காங்க: அடிக்கோடு ஏபி போடு, ஏ-ல இருந்து மேல ஏசி போடு, அந்த ஏசி ஏபியை விட மூணுல ஒரு பங்கு அதிகமா இருக்கணும்... இப்படியே போகும். ஜாமெட்ரி பாக்ஸ் எடுத்து ஒரு தடவை வரைஞ்சு பாரு, ரொம்ப நல்லா இருக்கும்.

ஊட்டி ரயில் மாதிரி இந்தியாவுல வேற இல்லைன்னு சொல்றாங்களே, டார்ஜிலிங்ல, சிம்லாவுல எல்லாம் மலை ரயில் இருக்கே சார்? – ஒரு வாசகர், ஈரோடு

மலை ரயில் இருக்கு, பல்சக்கர ரயில் இல்ல. இந்தியாவுல அது நம்ம நீலகிரில மட்டும் தான், 1899ல மேட்டுப்பாளையம் டு குன்னூர் ஓட ஆரம்பிச்சது, 1908ல ஊட்டி வரைக்கும் நீட்டினாங்க. கல்லாறு தாண்டினதும் ஏத்தம் 12 அடிக்கு ஒரு அடி, வெறும் இரும்புச் சக்கரம் வழுக்கிடும். அதனால தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு வரிசை பல்பட்டை பதிச்சிருப்பாங்க, ஒரு வரிசையோட பல் இருக்கிற இடத்துல அடுத்த வரிசைக்குப் பள்ளம், அப்போ எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் இன்ஜினோட பல்சக்கரத்துக்குப் பிடி கொடுத்துட்டே இருக்கும். இன்ஜின் முன்னாடி இருந்து இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும். நான் போனப்போ முதல் பெட்டில உக்காந்திருந்தேன், முன்னாடி இன்ஜினே இல்லாம காடு நேரா நம்ம மேல வர்ற மாதிரி இருக்கும், பெட்டி வாசல்ல பிரேக்ஸ்மேன் கொடியோட நின்னுட்டு வருவார், பாதத்துக்குக் கீழ கடகடன்னு பல்லுப் பிடிக்கிற அதிர்வு. குடும்பத்தோட ஒரு தடவையாவது போயிட்டு வாங்க.

பூமியில கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே வானத்துல கண்டுபிடிச்ச தனிமம் இருக்கா? – ஒரு வாசகி, வேலூர்

ஒன்னே ஒன்னு, ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணம், அதைப் பார்க்க ஜான்சன்ங்கிற பிரெஞ்சுக்காரர் குண்டூருக்கு வந்தார், அப்போ அது மெட்ராஸ் மாகாணம். சூரிய ஒளியைப் பிரிச்சுப் பார்த்தப்போ ஒரு மஞ்சள் கோடு தெரிஞ்சுது, சோடியத்தோட கோடு இருக்க வேண்டிய இடத்துல இல்லாம கொஞ்சம் தள்ளி. இது புதுசு தான்னு அடிச்சுச் சொன்னவர் இங்கிலாந்துல இருந்த லாக்கியர், சூரியனுக்கு கிரேக்கத்துல ஹீலியோஸ், அதுல இருந்து தான் பேரு. பூமியில அகப்பட 1895 ஆச்சு, ராம்சே ஒரு யுரேனியத் தாதுல இருந்து பிரிச்சு எடுத்தார். இன்னைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினக் குளுகுளுன்னு வச்சிருக்கிறது அதே ஹீலியம் தான்.

மிதக்கிற தேசியப் பூங்கா நிஜமாவே இருக்கா? – ஒரு வாசகர், காரைக்குடி

இருக்கு, மணிப்பூர்ல லோக்டாக் ஏரியில கைபுல் லாம்ஜாவ், சுமார் 40 சதுர கிலோமீட்டர். செடி, வேர், மண் எல்லாம் மக்கிப் பின்னிப் பாய் மாதிரி தண்ணில மிதக்குது, அங்கத்துப் பேச்சுல பும்டி. அது மேல சங்காய்னு ஒரு மான் நடக்குது, காட்டு வாழ்க்கையில அதுக்கு உலகத்துலயே வேற இடம் கிடையாது. அழிஞ்சே போச்சுன்னு 1951ல எழுதிட்டாங்க, அப்புறம் இருக்குன்னு தெரிஞ்சது, 1975ல எண்ணினா வெறும் 14. 2016 கணக்கெடுப்புல 260. சந்தோஷம் தான், ஆனா கவலையும் இருக்கு. முன்னெல்லாம் கோடையில தண்ணி வத்தி பும்டி தரையில போய் உக்காரும், வேர் மண்ணுல சத்து எடுத்துக்கும், மழை வந்தா மறுபடி மிதக்கும். 1983ல தடுப்பணை வந்ததுக்கு அப்புறம் வருஷம் பூரா தண்ணி ஏறியே நிக்குது, பாய் சன்னமாகுது, மான் கால் வச்சா உள்ள போகுது.

இந்த மாதிரி 'ஒன்னே ஒன்னு' விஷயத்துல உங்க மனசை விட்டுப் போகாதது எது? – ஒரு வாசகி, திருச்சி

ஒரு செடிம்மா. நம்ம ஆபீஸ் வாசல்ல எல்லாம் சைக்கஸ்னு வைக்கிறாங்களே, அதுக்குச் சொந்தக்காரச் செடி, பேரு வூட்ஸ் சைகாட். 1895ல தென் ஆப்பிரிக்காவுல ஙோயே காட்டுல ஜான் மெட்லி வூட்ங்கிறவர் பார்த்தார், ஒரே தூர்ல நாலு தண்டு. ஆண் செடி. இந்த இனத்துல ஆண் தனி, பெண் தனி, ரெண்டும் இருந்தா தான் விதை. காடு பூரா தேடியும் பெண் கிடைக்கல, இன்னொரு ஆண் கூட கிடைக்கல. வாழைக்குப் பக்கக்கன்று எடுக்கிற மாதிரி கன்று எடுத்து டர்பன் தோட்டத்துல வச்சாங்க, லண்டன் கியூ தோட்டத்துக்கு 1899ல ஒன்னு போச்சு. இன்னைக்கு உலகம் பூரா தோட்டங்கள்ல நிறைய நிக்குது, ஆனா எல்லாம் அதே ஒரே செடி தான், கன்றோட கன்று. காட்டுல இருந்த கடைசித் தண்டையும் 1916ல பாதுகாப்புக்காகப் பேர்த்து எடுத்துட்டாங்க.

கியூ தோட்டத்துச் செடி 2004ல முதல் தடவையா ஆண் கூம்பு விட்டுச்சு. நூறு வருஷத்துக்கு மேல காத்திருந்து மகரந்தத்தோட நிக்குது, வாங்கிக்க ஆள் இல்ல. இப்போ சில ஆராய்ச்சிக்காரங்க ஙோயே காட்டு மேல டிரோன் பறக்க விட்டு, அந்தப் படங்களை கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு பெண் செடி எங்கயாவது மறைஞ்சிருக்கான்னு தேடுறாங்க. இன்னும் பார்க்காத காடு நிறைய இருக்கு. கிடைக்கணும்னு நான் நிஜமா ஆசைப்படுறேன்.