நோய் அடங்கிய பிறகும் ஸ்டெம் செல் மாற்று எதற்கு?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 54. ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய். மதுரையில் முதல் கீமோதெரபி முடிந்து, மஜ்ஜையில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆனால் மரபணு முடிவு சரியில்லை, ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல அணு) மாற்று செய்வதே நல்லது என்கிறார்கள். பெரியப்பாவின் ரத்தம் பொருந்தவில்லை. எனக்குப் பாதிப் பொருத்தம். எனக்குத் திருமணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது; பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று ஆத்தா (அம்மா) பயப்படுகிறார்கள். எங்கள் நகரத்தார் கோயில் பிரிவைச் சேர்ந்த பங்காளிகள் பலர் பரிசோதனைக்குத் தயார். முழுப் பொருத்தம் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம்.

நோய் இல்லை என்ற ரிப்போர்ட்டுக்குப் பொருள், மஜ்ஜையில் புற்றணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டன என்பதே. நுண்ணோக்கிக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும். இத்துடன் விட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும். ஏ.எம்.எல். வந்த எல்லோருக்கும் மாற்று தேவைப்படுவதில்லை. சில மரபணு வகைகளுக்குக் கீமோவே போதும். அப்பச்சியின் மரபணு முடிவு அந்தப் பட்டியலில் இல்லாததால்தான் மாற்று செய்யச் சொல்கிறார்கள். கீமோவுக்குத் தப்பி ஒளிந்திருக்கும் புற்றணுக்களை, உங்கள் உடலிலிருந்து போகும் எதிர்ப்பு அணுக்கள் தேடி அழிக்கும். நோய் அடங்கியிருக்கும் இப்போது செய்தால்தான் பலன் அதிகம்.

பங்காளிகளின் மனம் பெரிது. ஆனால் மாற்றுக்குப் பார்க்கும் ஹெச்.எல்.ஏ. (அணுக்களின் மேலுள்ள அடையாளக் குறிகள்) பொருத்தம் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருவது. உடன்பிறந்தவருக்கே முழுப் பொருத்தம் நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். இளையாத்தங்குடியோ பிள்ளையார்பட்டியோ, ஒரே கோயில் பிரிவு என்பதற்காகப் பொருத்தம் வந்துவிடாது. ஐயாவும் அப்பத்தாவும் (அப்பச்சியின் பெற்றோர்) அத்தை மகன், மாமன் மகள் என்ற உறவில் மணந்தவர்களாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெருங்கிய உறவில் தேடிப் பார்க்க அது காரணமாகும். ஒன்று முக்கியம்: நீங்களோ மற்ற ரத்த உறவினரோ இப்போது அப்பச்சிக்கு நேரடியாக ரத்தம் கொடுக்காதீர்கள். பின்னால் உங்கள் செல்களை அவர் உடல் எதிர்க்க அது வழி செய்யும். பங்காளிகள் ரத்த வங்கிக்குப் பொதுவாகக் கொடுக்கட்டும்.

பாதிப் பொருத்தம் என்றால் ஒரு காலத்தில் நாங்களே தயங்கினோம். இப்போது செல்களை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்து, உங்கள் அணுக்கள் அவர் உடலைத் தாக்குவதைப் பெரிதும் குறைக்கிறோம். ரத்த வகை வேறாக இருந்தாலும் தடையில்லை.

ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தோலுக்கடியில் நாலைந்து நாள் ஊசி போடுவார்கள். அப்போது முதுகும் இடுப்பும் வலிக்கும், பாராசிட்டமாலுக்கு அடங்கும். பிறகு ஒரு கை ரத்தத்தை எந்திரத்தில் செலுத்தி, ஸ்டெம் செல்களைப் பிரித்துக்கொண்டு, மற்றக் கை வழியாகத் திருப்பி விடுவார்கள். நாலைந்து மணி நேர வேலை; கத்தி படாது. கருப்பைக்கோ கருமுட்டைக்கோ இதனால் கெடுதல் இல்லை. ஆனால் கருவுற்றிருக்கும்போது கொடுக்கக் கூடாது. கொடுத்து முடியும்வரை குழந்தையைத் தள்ளிப்போடுங்கள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மறுக்கவும் உரிமை உண்டு, அம்மா. மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள்.

அப்பச்சிக்கு ஆபத்து இல்லாத சிகிச்சை அல்ல இது. நோய்த்தொற்றோ, தோல், குடல், ஈரலைத் தாக்கும் எதிர்விளைவோ உயிரையே பறிக்கக்கூடும். இதயம், நுரையீரல் சோதனைகளைப் பார்த்து, மாற்றுக்கு முன் கொடுக்கும் கீமோவின் வீரியத்தைக் குறைக்கலாமா என்று முடிவெடுப்பார்கள். இதையெல்லாம் கேட்டறிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

முதல் 100 நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே வீடு எடுங்கள். ஊர் வீட்டைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பூட்டிய அறைகளின் தூசி, மாடியில் புறா எச்சம், காரை பெயர்ந்த சுவர், எல்லாமே பூஞ்சைக்கு இடம். அது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மராமத்தை அவர் வருவதற்கு வெகு முன்பே முடித்துவிடுங்கள். பெருக்கும்போது அவர் வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்திருக்கக் கூடாது.

சாப்பாடு அப்போதைக்கப்போது சமைத்துச் சூடாக. உப்புக்கண்டம், பழைய சோறு, பச்சைக் காய்ப் பச்சடி வேண்டாம். நாட்டு மருந்து எதுவும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் உடனே காரை எடுங்கள்.