பழைய காரில் புதிய பாட்டு: வெட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: 1960களின் தொடக்கத்தில் வந்த பிரிட்டிஷ் செடான் ஒன்றைப் புதுப்பித்து முடித்திருக்கிறேன். டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்), பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையை கார் பாடியோடு இணைக்கும் முறை) எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கின்றன. ரேடியோவில் மீடியம் வேவ் மட்டும்தான், அதிலும் ஒரே இரைச்சல். போனில் உள்ள பாட்டுகளைக் கேட்க ஆசை. டேஷ்போர்டை வெட்டிப் புது ஸ்டீரியோ வைக்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

வெட்ட வேண்டாம். இன்றைய ஸ்டீரியோவுக்கு ஏறக்குறைய 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரத்தில் திறப்பு வேண்டும். உங்கள் ரேடியோவோ இரண்டு குமிழ்களும் நடுவே டயலுமாக உட்காரும் வகை. அந்தத் தகட்டை வெட்டிவிட்டால், பிறகு வெல்டிங், பட்டி, பெயிண்ட் என்று எதைச் செய்தாலும் பழைய டேஷ்போர்டு திரும்பாது.

ஆனால் உங்கள் காரில் அதைவிடப் பெரிய சிக்கல் பாசிட்டிவ் எர்த். இப்போது வரும் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய எல்லாமே நெகட்டிவ் எர்த்துக்கானவை. அவற்றின் உலோகக் கூடும் ஆன்டெனா கேபிளின் வெளிப்பின்னலும் உள்ளுக்குள் நெகட்டிவோடு இணைந்திருக்கும். உங்கள் கார் பாடி பாசிட்டிவ். இரண்டும் தொட்டுக்கொண்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட். ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடுவதே என் யோசனை. பேட்டரி இணைப்புகளைத் திருப்ப வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு வயர்களையும், அம்மீட்டர் இருந்தால் அதன் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவின் F முனையிலிருந்து (உள்ளே காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலின் முனை) வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் பேட்டரி பாசிட்டிவை ஓரிரு நொடி தொட்டெடுத்தால் அதன் காந்தத் திசை மாறிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் எப்போதும்போலவே சுற்றும். மின்னணு டேக்கோமீட்டர் (இன்ஜின் வேகம் காட்டும் மீட்டர்) இருந்தால் மட்டும் அதை உள்ளே திருத்தாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். மாற்றிய விவரத்தை ஒரு சீட்டில் எழுதி பேட்டரி பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து கை வைப்பவர் பழைய கையேட்டைப் பார்த்து இணைப்பார்.

பிறகு இரண்டு வழிகள். பழைய ரேடியோவின் முகப்பையும் குமிழ்களையும் வைத்துக்கொண்டு, உள்ளே எஃப்எம், புளூடூத் கொண்ட புதுச் சர்க்யூட்டைப் பொருத்தித் தருபவர்கள் உண்டு. பார்க்க அழகு, செலவு அதிகம். கழற்றிய பாகங்களைத் தூக்கி எறியாமல் வாங்கி வையுங்கள். நான் பரிந்துரைப்பது இன்னொன்று: பழைய ரேடியோவைக் காட்சிக்கு அப்படியே விட்டுவிட்டு, புளூடூத் வசதியுள்ள சிறிய கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையரை சீட்டுக்கு அடியிலோ குளவ் பாக்ஸிலோ ஒளித்து வைப்பது. நாளைக்குக் கழற்றினாலும் தடயம் இருக்காது.

எவ்வளவு வாட் என்பதில் ஆசைப்படாதீர்கள். அக்கால லூகாஸ் டைனமோக்களில் பரவலாக இருந்த C40 முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும். ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் மூன்றும் சேர்ந்தாலே பெரும்பங்கு போய்விடும். பெட்டியில் 50 வாட் என்று அச்சடித்திருப்பது உச்ச அளவு; தொடர்ந்து கிடைப்பது பெரும்பாலும் 20 வாட்டை ஒட்டியே இருக்கும், அதுவே போதும். ஆம்ப்ளிஃபையருக்குச் செலவிடுவதைவிட, 90 டெசிபலுக்கு மேல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும்.

டேஷ்போர்டில் ஒரே ஸ்பீக்கருக்குத்தான் இடம் என்றால், இரட்டை வாய்ஸ் காயில் (ஒலியெழுப்பும் கம்பிச் சுருள் இரண்டு உள்ள) ஸ்பீக்கர் வாங்குங்கள். இடது, வலது இரண்டு சேனல்களையும் ஒன்றே வாங்கிக்கொள்ளும். பழைய முறையில் ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியில் கட்டியிருப்பார்கள். புது ஆம்ப்ளிஃபையரில் இரண்டு முனைகளிலும் மின்னழுத்தம் இருக்கும். அந்தப் பழைய இணைப்பில் மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் கருகும், ஒவ்வொரு காயிலுக்கும் தனியாக இரண்டு வயர் இழுங்கள். கதவுத் தகட்டின் அதிர்வைக் குறைக்க பியூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பர் தாள்) ஒட்டினால், அடியில் நீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள். மூடினால் துரு திரும்பிவிடும்.

ஆம்ப்ளிஃபையருக்கான பாசிட்டிவ் வயரை பேட்டரியிலிருந்தே எடுத்து, 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் போடுங்கள்; இக்னிஷனோடு சேர்ந்து இயங்க ஒரு ரிலே. எர்த் வயரில்தான் புதுப்பித்த கார்கள் ஏமாற்றும். பளபளக்கும் புதுப் பெயிண்டின்மேல் போல்ட்டை முறுக்கினால் தொடர்பு கிடைக்காது. அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, முறுக்கியபின் வாசலின் தடவுங்கள்.

அப்படியும் இரைச்சல் இருந்தால், எதில் வருகிறது என்று பாருங்கள். ரேடியோவில் மட்டும் சடசடப்பு என்றால் அது ஆன்டெனா வழியாக நுழைகிறது: ஆன்டெனா அடிப்பகுதியின் எர்த்தைச் சோதியுங்கள், செம்புக் கம்பி கொண்ட ஸ்பார்க் பிளக் வயர்களை மாற்றி கார்பன் வகை போடுங்கள். புளூடூத்திலும் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை கேட்டால் டைனமோவின் D முனைக்கும் (மின்சாரம் வெளியே வரும் முனை) பாடிக்கும் இடையே 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் கட்டுங்கள். F முனையில் கட்டக் கூடாது. டைனமோவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் காண்டாக்டுகள் கெட்டுப்போகும்.