தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா?

கேள்வி: படகுக்கு இடைஞ்சலாகத் தாழ்ந்திருந்த தில்லை மரக்கிளையை வெட்டும்போது அதன் பால் வலது கண்ணில் தெறித்துவிட்டது. உடனே தண்ணீரில் கழுவினேன், எரிச்சல் அடங்கியது. ஆனால் இரவில் இமை வீங்கி வலி தாங்கவில்லை. காலையில் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது. பார்வை போய்விடுமா? வீட்டில் பழைய ஸ்டீராய்டு சொட்டு மருந்து இருக்கிறது, விடலாமா?

பதில்: விடாதீர்கள். இன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். பயம் புரிகிறது. சரியான நேரத்தில் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பார்வை தெளிந்துவிடும். கவனிக்காமல் விட்டால்தான் கருவிழியில் தழும்பு விழும் ஆபத்து.

கழுவியதும் எரிச்சல் அடங்கியது என்கிறீர்களே, ஏமாற்றுவதே அதுதான். தில்லையும் கள்ளியும் ஒரே குடும்பம். இவற்றின் பாலில் உள்ள டைடெர்பீன் என்ற வகை வேதிப்பொருட்கள் திசுவில் அழற்சியைக் கிளப்பிவிடும். அது முற்றச் சில மணி நேரம் ஆகும். கருவிழியின் மேல்தோல் உரிந்து, அடியிலுள்ள நரம்பு முனைகள் வெளியே தெரியும்போதுதான் அந்த வலி. முதல் ஓரிரு நாள் இன்னும் மோசமாகத் தோன்றலாம், அதற்காகக் கலங்க வேண்டாம்.

மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் பார்ப்பார். தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். கண்ணுக்குள்ளேயும் அழற்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிருமித் தொற்றைத் தடுக்கும் சொட்டு மருந்தும், வலி குறையக் கண்பாப்பாவை விரிக்கும் மருந்தும் கொடுக்கலாம். ஸ்டீராய்டும் சில சமயம் தேவைப்படும்தான். ஆனால் பூஞ்சைத் தொற்று இருக்கும் கண்ணில் அது விழுந்தால் பெரிய கேடு. மரம், இலை பட்ட காயத்தில் பூஞ்சைக்கு இடம் உண்டு. அதனால் அந்த முடிவை அவரிடமே விடுங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தையும் வாங்கி வந்து வீட்டில் விட்டுக்கொள்ள வேண்டாம், புண் ஆறாது.

இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், கசக்காமல், லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான ஓடும் தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் கழுவட்டும். பால், தேன், எண்ணெய் எதுவும் வேண்டாம். வலி அடங்கினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்புறம், வெட்டிய கிளையை அடுப்பில் போட்டுவிடாதீர்கள், அந்தப் புகையும் கண்ணை எரிக்கும்.